அம்மனுக்குக் கொடுக்காத முடி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வியாதியாகச் சொல்கிறேன். கடவுளின் குறும்பைப் பாருங்கள், எனக்குக் கிடைத்த வேலையே உட்கார்ந்திருக்கும் வேலை. ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் புடவை காட்டுகிறேன். வெள்ளைத் துணி விரித்த மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே இருக்கும் கல்யாண வீட்டாருக்குப் புடவையைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் கால் மரத்துப்போகும். வாய் மட்டும் மரத்துப்போகாது.

இந்த இருப்புக்கொள்ளாத புத்திதான் நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பட்டப்படிப்பில் சேர்த்தது. தபால்வழியில் வரலாறு. "இன்னாத்துக்கு வரலாறு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் விசைத்தறி மெக்கானிக். காரணம் தெரியாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். "கணக்கு வராது, சயின்ஸ் புரியாது. ஊர் வம்பு நல்லா வரும். அதான்" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மெத்தையில் எனக்குப் பக்கத்து இடம் முள்ளிப்பட்டுக்காரியுடையது. வயது இருபத்தாறு. அப்பாவும் அம்மாவும் முள்ளிப்பட்டில் வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஆனால் எங்கள் கடையில் விற்பனைப் பெண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அரக்கு நிறப் புடவை, ஒற்றைப் பின்னல், பின்னலில் பூ, நெற்றியில் பொட்டு. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் மங்களகரமான முகத்தைப் பார்க்க வேண்டுமாம். பூக்கூடை காலையில் கடைக்கே வந்துவிடும். அவள் காலையில் வந்ததும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொள்வாள். சாயங்காலம் கிளம்பும்போது அதை மாடிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவாள். மறுநாள் அதே பொட்டு. நான் இதைத் தினமும் பார்த்தவள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முதலாளி குடும்பம் வெளியூர். கடையை நடத்துவது முதலாளியின் மனைவி. அவருக்கு எங்களைப் பற்றி வருகைப் பதிவேட்டில் இருக்கும் அளவுக்குத்தான் தெரியும். முள்ளிப்பட்டுக்காரியின் பெயரோ இரண்டு பக்கமும் புழங்கும் பெயர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் வாங்கி வைத்திருந்தாள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் உண்மையைவிடக் காரணம் சீக்கிரம் வேலை செய்யும்.

மதியம் மாடியில் சரக்கு அறையில் சாப்பிடுவோம். சாப்பிட்டதும் நான் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடத்தை உரக்கப் படிப்பேன். உட்கார்ந்து படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. அவள் தலைகாணி மாதிரி ஒரு துணி மூட்டையைப் போட்டுச் சாய்ந்துகொண்டு கேட்பாள்.

அந்த வாரம் அமெரிக்கா. இரண்டு பெரிய போர்களுக்கு நடுவில் அங்கே சமூக விழுமியங்கள் மாறின, பண்பாட்டு மோதல்கள் நிகழ்ந்தன என்று பாடப்புத்தகம் பெரிய வார்த்தைகளில் சொல்லியிருந்தது. எனக்குப் புரிந்த தமிழில் சொன்னால், வீட்டுக்கு வீடு ரகளை. பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், கார் ஓட்டினார்கள், பாவாடையை முழங்கால்வரை ஏற்றினார்கள், முடியைக் காதோரம் கத்தரித்துக்கொண்டார்கள். சாராயத்தைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள், பிறகு அதையே ஒளிந்து குடித்தார்கள். பட்டணத்துக்காரனுக்கும் கிராமத்துக்காரனுக்கும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொல்லலாமா கூடாதா என்று கோர்ட்டு வரைக்கும் போனார்கள்.

"அந்த ஊர்லயும் இந்தப் பேஜாரு கீதா?" என்றாள் அவள்.

"இன்னும் கேளு. முடி வெட்டிகின பொண்ணுங்கள சில பெரிய கடையில வேலைய வுட்டே தூக்கிட்டாங்களாம்."

"நம்ம கடை மாதிரி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "அவங்க எதுக்குக்கா வெட்டிகினாங்க?" என்று கேட்டாள்.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆண்கள் போருக்குப் போனதால் பெண்கள் வேலைக்கு வந்தது ஒன்று. ஆலையில் எந்திரத்தில் முடி சிக்காமல் இருக்க. ஓட்டுரிமை கொடுத்த தைரியம். சினிமா. விளம்பரம். "அஞ்சு காரணம், அஞ்சு மார்க்கு" என்றேன்.

"புடிச்சிதுன்னு ஒருத்திகூட சொல்லலையா?"

"அது சிலபஸ்ல இல்லடி" என்று புத்தகத்தை மூடினேன்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தெள்ளாரில் பள்ளி ஆசிரியர், அவரும் கிறிஸ்தவர். அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று போதகர் எல்லார் முன்னாலும் கேட்பார். மூன்று வாரமும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால்தான் கல்யாணம். முதல் ஓலை அந்த ஞாயிறு வாசித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் இவள் நேராக பியூட்டி பார்லருக்குப் போய், இடுப்புவரை இருந்த முடியைக் காதுக்குக் கீழே நறுக்கென்று வெட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கடைக்குள் வந்தாள் பாருங்கள், என் கையிலிருந்த புடவை நழுவி விழுந்தது. அழகாகத்தான் இருந்தாள். பொய் சொல்ல மாட்டேன், கழுத்தும் தோளும் புதிதாக முளைத்தவை மாதிரி இருந்தன. பூக்கூடையில் கைவிட்டு ஒரு முழம் எடுத்தாள். வைக்க இடம் தேடினாள். சிரித்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா படியேறி வந்தார்.

"என்ன கோலம் இது? முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க முன்னாடி இந்தத் தலையோட உட்காருவியா? யாரைக் கேட்டு வெட்டின?"

அவள் வாயைத் திறந்தாள். அவளுக்குப் பொய் வராது. எனக்குத் தெரியும், அவள் 'புடிச்சிது, வெட்டிகினேன்' என்று சொல்லப் போகிறாள், அடுத்த நிமிடம் வேலை போகப் போகிறது. என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது.

"அம்மா, திட்டாதீங்க. வேண்டுதல்ங்க. படவேட்டம்மனுக்குப் பூமுடி குடுத்துட்டு வந்துகிறா."

பூமுடி என்றால், பெண்கள் மொட்டை போடாமல் மூன்று கத்தரி முடியை மட்டும் அம்மனுக்குக் கொடுப்பது. முதலாளியம்மா அவள் தலையைப் பார்த்தார். "பூமுடிக்கு இவ்வளவா?" என்றார்.

"மூணு கத்தரிதாங்க நேந்துகினா. அங்க போய் நின்னதும் மனசு தாங்கல. மொத்தமா குடுத்துட்டா."

முதலாளியம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "தாயே ரேணுகாம்பா" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. சாமி மேடையிலிருந்து குங்குமத்தை எடுத்து வந்து முள்ளிப்பட்டுக்காரியின் நெற்றியில் தன் கையாலேயே வைத்தார். அப்போதுதான், அந்தக் குங்குமத்தின் கீழே அவளுடைய கண்களைப் பார்த்தபோதுதான், கண்ணாடி ஓரத்துப் பொட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

மாடியில் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா சொல்லிட்ட? நான் யாருன்னு மறந்துட்டியா?"

"உன் வேலைய காப்பாத்தணும்னு ஜல்தியில சொல்லிட்டேன்டி."

"தலைவலின்னு சொல்லியிருக்கலாம். பேன்னு சொல்லியிருக்கலாம். ஊர்ல இருக்கிற அம்மனையா இழுப்பாங்க?"

எங்கள் தெருவில் ஒரு பெண் தலையில் முடி குறைந்தால் முதலில் வாயில் வருவது அம்மன்தான். அது யோசித்து வருகிற பதில் இல்லை. வழுக்கினால் 'ஐயோ' என்பது போல வருவது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முதலாளியம்மா அவளை மெத்தையின் நட்ட நடுவில், கடை வாசலுக்கு நேராக உட்கார வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இந்தப் பொண்ணு அம்மனுக்கு முடி குடுத்தவ. இவ கையால முகூர்த்தப் பட்டு எடுத்துக் குடுத்தா குடும்பம் நல்லா இருக்கும்" என்றார். மூன்றே நாளில் கல்யாண வீட்டார், "முடி குடுத்த பொண்ணு எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். கிழவிகள் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முடி வெட்டினால் வேலை போகும் என்று பயந்த கடையில் வெட்டிய முடிக்கே மாலை விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருக்கிறவளோடு நாள் முழுக்க இருந்து பாருங்கள், பைத்தியம் பிடிக்கும்.

வியாழக்கிழமை தெள்ளாரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது, பருத்திப் புடவை, கையில் துணிப்பை. சந்தன நிறத்தில் கல்யாணப் புடவை வேண்டும் என்றார். முள்ளிப்பட்டுக்காரி மாடியில் சரக்கு எடுக்கப் போயிருந்தாள். முதலாளியம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். "கொஞ்சம் இருங்கம்மா, படவேட்டம்மனுக்கு முடி குடுத்த பொண்ணு மேல போயிருக்கா, அவ வந்து எடுத்துக் குடுக்கட்டும்" என்று அவள் பெயரையும் சொன்னார்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. "முள்ளிப்பட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். "அவளேதான்!" என்றார் முதலாளியம்மா பெருமையாக. அந்த அம்மாள் விரித்த புடவையை ஒழுங்காக மடித்து வைத்தார். எழுந்து போய்விட்டார். படியிறங்கி வந்த முள்ளிப்பட்டுக்காரி வாசலைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். "அவங்கதான்க்கா என் மாமியார் ஆகப் போறவங்க" என்றாள். மூன்று நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. ஆட்சேபனை உண்டா என்று போதகர் கேட்டதும், தெள்ளாரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றாராம். பெண் கோவிலில் நேர்ந்து முடி கொடுத்திருக்கிறாள், கடைக்காரர்களே சொல்கிறார்கள், இது தெளியாமல் எங்கள் வீட்டில் இந்தக் கல்யாணம் நடக்காது என்றாராம். இவள், நான் கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். சாட்சி யார் என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறுக்குள் சபை முன்னால் தெளிவுபடுத்தாவிட்டால் மூன்றாம் ஓலை இல்லை, கல்யாணமும் இல்லை.

"பையன் இன்னா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"அவருக்கு முடி புடிச்சிருக்குன்னு போன்ல சொன்னாரு. அப்பா பேச்ச மீறமாட்டாரு."

"நான் வந்து சொல்றேன்டி."

"நீ வந்து சொன்னா திங்கக்கிழமையே கடைக்குத் தெரிஞ்சிடும். அம்மன் பேர்ல பொய் சொன்னவன்னு உன்னையும் தொரத்துவாங்க. நீ ஒண்ணும் வர வேணாம்." இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்லபடியாகச் சொன்னாள்.

அந்த வாரம் நான் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இல்லை. கடையில் தண்ணீர் குடிக்கப் பத்து முறை எழுந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டுக் கோட்டை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், திரும்ப வந்து திறந்தேன். "கால்ல சக்கரம் கட்டிகினியா?" என்றார் வீட்டுக்காரர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என் கதை. ஆனால் ஓணான் விழுந்தது இன்னொருத்தி மடியில். அதுதான் தாங்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என் நாக்கினால் நின்றுபோகப் போகிறது. இன்னொரு பக்கம், வேலை போனால் என் படிப்பும் போகும் என்ற பயமும் இருந்தது. நான் தியாகி ஒன்றும் இல்லை.

நடந்து நடந்து ஒரு யோசனை வந்தது. வேண்டுதல் அவளுடையது இல்லை, என்னுடையது என்று ஆக்கிவிட்டால்? கடையில் வாய் தடுமாறி ஆள் மாறிப்போனது என்று சொல்லலாம். அம்மன் பேரில் சொன்ன பொய்யும் பொய்யாக இருக்காது. இப்படி யோசிக்கிற மூளையைப் பாடத்தில் காட்டியிருந்தால் எப்போதோ தேறியிருப்பேன்.

சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு படவேட்டுக்குப் போனேன். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று டிரைவருக்கே தெரியாத ஊர். சன்னதியில் நின்று, "தாயே, உன் பேரச் சொல்லி நாக்கு தவறிடுச்சி. என்னோடத எடுத்துக்கோ, அந்தப் பொண்ண வுட்டுடு" என்று வேண்டினேன். இந்த இடத்தில் நான் நடிக்கவில்லை. அழுதேன்.

முடி இறக்குகிறவர், "பூமுடிங்களா, மொட்டைங்களா?" என்று கேட்டார்.

"காதுக்குக் கீழ வரைக்கும் எடுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அப்படி ஒரு வேண்டுதலே கிடையாதும்மா. ஒண்ணு மூணு கத்தரி, இல்லன்னா மொட்டை. நடுவுல நிக்கிறதுக்கு இது இன்னா சலூனா?"

"அரை மொட்டைன்னு வெச்சிக்கோங்க. அம்மனுக்கும் எனக்கும் பேச்சு முடிஞ்சிடுச்சி" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். முப்பது வருஷத்துப் பின்னல் ஒரு கனத்த சத்தத்தோடு தரையில் விழுந்தது. பின்கழுத்தில் காற்று பட்டது. ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த காற்று, ஈரமாக இருந்தது. தலையை இடம் வலமாக ஆட்டிப் பார்த்தேன். கனமே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. அது எனக்கே வெட்கமாக இருந்தது. பிராயச்சித்தம் செய்ய வந்த இடத்தில் யாராவது சந்தோஷப்படுவார்களா?

வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இன்னா இது?"

"வேண்டுதல்."

"எதுக்கு?"

"உங்க நல்லதுக்குத்தான்."

மனுஷன் உருகிப்போய் அன்று காபி போட்டுக் கொடுத்தார். அவரை நிமிர்ந்து பார்க்காமல் குடித்தேன்.

மறுநாளும் விடுப்புச் சொல்லிவிட்டு முள்ளிப்பட்டுக்காரியின் சர்ச்சுக்குப் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். எல்லாப் பெண்களும் முந்தானையால் தலையை மூடியிருந்தார்கள், நானும் மூடிக்கொண்டேன். அந்த முக்காடுகளுக்குள் யார் முடி எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் தெள்ளார் அம்மாள் இருந்தார். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அவர் கணவர், வெள்ளை ஜிப்பா, நிமிர்ந்த முதுகு. முள்ளிப்பட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பாட்டெல்லாம் முடிந்ததும் போதகர், போன வாரத்து விஷயத்தில் யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"ஐயா, நான் அந்தப் பொண்ணுகூட வேலை செய்றவ. நேந்துகினது அவ இல்ல, நான். முடி குடுத்ததும் நான்தான்" என்று முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தேன். எல்லாத் தலைகளும் திரும்பின. "கடையில நான் வாய் தடுமாறிச் சொன்னதுல ஆள் மாறிப்போச்சிங்க. படவேட்டுல இருக்கிறது என் முடி. அவளோடது இல்ல."

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "சரிம்மா. அது உங்க முடி. அப்படின்னா இந்தப் பொண்ணு எதுக்கு வெட்டினா?"

பார்த்தீர்களா, என் மூளைக்கு உறக்கமே கிடையாது. "அவளுக்கு ஒத்தத் தலைவலிங்க. டாக்டரு சொல்லி..." என்று நாக்கு தானாக ஆரம்பித்துவிட்டது.

"டாக்டரும் சொல்லல, ஒருத்தரும் சொல்லல." முள்ளிப்பட்டுக்காரி எழுந்து நின்றிருந்தாள். முக்காடு கழுத்தில் கிடந்தது. "எனக்குப் புடிச்சிது. வெட்டிகினேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

என்னடி இப்படிப் போட்டு உடைத்துவிட்டாய் என்று மனதுக்குள் கத்தினேன். மாப்பிள்ளையின் அப்பா சிவந்துபோனார்.

"கோவில்ல குடுத்திருந்தாகூட ஒரு அர்த்தம் கீது, ஐயா. தெரியாம பண்ணிட்டேன்னு மண்டி போட்டா மன்னிச்சிடலாம். ஆசைக்கு வெட்டினேன்னு சொல்றா. இதுல எதைன்னு மன்னிக்கறது?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதானவர், நிதானமாகத் துடைத்தார். "மன்னிக்க ஒண்ணும் இல்லன்னா, ஆட்சேபிக்கவும் ஒண்ணும் இல்லன்னு ஆவுதே" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையிலிருந்த தாளை எடுத்து மூன்றாம் ஓலையை வாசித்தார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா வாயைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தெள்ளார் அம்மாளின் குரல் வந்தது.

"உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. மாமனார் போட்டோவில் எல்லாம் வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். ஆனால் நின்றார். புடவையை வேறு கடையில் எடுத்தார்கள்.

எங்கள் கடைக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நேர்ந்துகொண்டது நான், வாய் தடுமாறி அவள் பேரைச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமைதான் போய்க் கொடுத்தேன் என்றதும் முதலாளியம்மா என் தலையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு முள்ளிப்பட்டுக்காரியிடம் திரும்பினார். அவள் வேறு மதம் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். "மாத்திச் சொன்னது நீ இல்ல, தெரியும். ஆனா ஸ்டைலுக்கு வெட்டின தலையை மெத்தையில உட்கார வைக்க முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான். அமெரிக்காவில் தூக்கிய மாதிரியே தூக்கிவிட்டார்கள்.

அவள் மாடிக்குப் போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். "வுடுக்கா, எப்படியும் கல்யாணத்துக்கு அப்பால நிக்கத்தானே போறேன்" என்று என் தோளைத் தட்டினாள். அப்போது நான் கீழே போய், 'பொய் சொன்னவள் நான், வேண்டுதலே கிடையாது, முதல் நாளே இட்டுக்கட்டினேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாசலுக்கு நேரான நடு இடத்தில் அன்று என்னை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். "முடி குடுத்த அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கையைக் கொடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. கண்ணாடி ஓரத்துப் பொட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது, அமெரிக்கப் பெண்களிடம் ஏற்பட்ட மாற்றங்களின் காரணங்களை விளக்குக என்று. ஐந்தையும் மளமளவென்று எழுதினேன். பிறகு ஆறு என்று எண் போட்டு, 'அவர்களுக்குப் பிடித்திருந்தது' என்று எழுதினேன். அதற்கு மதிப்பெண் போட்டார்களா என்று தெரியாது. தேறிவிட்டேன்.

ஆறு மாதம் ஆயிற்று. முடி தோளைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்து, கழுத்தில் ஒட்டிக்கொண்டு நசநசக்கிறது. முதலாளியம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். அம்மன் திருப்பிக் கொடுக்கிறாள் என்கிறார், சீக்கிரம் பின்னல் போடலாம் என்கிறார். எனக்கோ மெத்தையில் உட்கார்ந்தால் கை தானாகப் பின்கழுத்துக்குப் போகிறது. போன வாரம் தெள்ளாரிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "இன்னாக்கா, முடி வளந்துடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கு வளரவே வுடல" என்று சிரித்தாள். மாமியார்தான் பார்லருக்குத் துணைக்கு வருகிறாராம்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் போன அதே பார்லருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் கழுத்தில் துணியைக் கட்டினாள், முடியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"பட்டுக்கடை அம்மாதானே? இன்னாக்கா, மறுபடியும் வேண்டுதலா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு புரண்டது. ஆமாம் என்றால் நாளைக்கும் நடு இடம் எனக்குத்தான். தலைவலி என்று சொல்லலாம், டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். கண்ணாடியில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை திறந்து மூடியது. நாற்பத்து மூன்று வருஷத்தில் எந்தப் பொய்க்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"இல்லம்மா" என்றேன். "எனக்குப் புடிச்சிருக்கு. வெட்டு."